மோட்டார் கொட்டகையில் படுத்திருக்கும் கிழநாய்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்கு வண்டியில் போனால் வழியில் செய்யாற்றங்கரையில் மாகறல் வரும். எலும்பு நோயும் மூட்டுவலியும் தீர வேண்டி அங்குள்ள திருமாகறலீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் உண்டு. அதைத் தாண்டினால் நெல், கரும்பு, வேர்க்கடலை. உத்திரமேரூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள குடவோலைக் கல்வெட்டு ஞாபகம் வரும். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியது. அதில் வருகிற ஏரி வாரியம்தான் எனக்குப் பிடித்தது. பல்லவர் காலத்தில் வைரமேக தடாகம் என்று பெயர் வைத்த ஏரி இன்றைக்கும் இந்த ஊரின் பாசனத்துக்கு உதவுகிறது.

இந்தப் பக்கத்தில் மோட்டார் கொட்டகைக்கு ஒரு நாயாவது இருக்கும். பெரும்பாலும் நாட்டு நாய், எங்காவது சிப்பிப்பாறை கலப்பு. இப்போது சென்னையில் ஆசைக்கு வாங்கி அலுத்துப்போனவர்கள் கொண்டுவந்து விட்ட லேப்ரடாரும் உண்டு. மார்கழி, தையில் காலை ஏழு மணிக்கு நவரைப் பட்டம் பார்க்கப் போனால் இளம் நாய்கள் ஓடி வந்து மறிக்கும். கிழநாய் படுத்த இடத்திலிருந்தே குரைக்கும். எழுந்தாலும் பின்னங்கால் உடனே நிமிராது. பத்தடி நடந்த பிறகுதான் உடம்பு இளகும். இதை எல்லோரும் வயது என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் அது வலி.

சாலவாக்கம் பக்கம் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் அப்படி ஒரு நாயைப் பார்த்தேன்.

“பன்னெண்டு வயசு ஆவுது சார். முன்னெல்லாம் பன்னிய வரப்புல கால் வைக்க வுடாது. இப்ப கொரைக்கறதோட சரி,” என்றார் அந்த அம்மா. முந்தின வாரம் பேரன் அதன் இடுப்பைத் தடவியிருக்கிறான். எட்டு வருடமாக அவனோடு வளர்ந்த நாய், கையைக் கவ்விவிட்டது. சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசியும் போட்டுவிட்டார்கள். அதில் குறையில்லை. ஆனால் நாயை வேறு ஊரில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு. அந்த அம்மாவுக்கு மனசு வரவில்லை. வீட்டுக்காரரின் முட்டிவலி மாத்திரையில் பாதியை உடைத்துச் சோற்றில் பிசைந்து வைத்திருந்தார். “மனுஷனுக்குக் கேக்குது, நாய்க்குக் கேக்காதா?”

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். டைக்ளோஃபினாக். நாய் இன்னும் சாப்பிடவில்லை, சோற்றை எடுத்துக் கொட்டச் சொன்னேன். டைக்ளோஃபினாக்கும் இபுப்ரோஃபெனும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரல் போய்விடும். இந்த டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து நாடு முழுக்க மடிந்தன. அதனால்தான் 2006ல் கால்நடைகளுக்கு இதைத் தடை செய்தார்கள். ஆனால் மனிதருக்கான மாத்திரை வீட்டு அலமாரியில் இருக்கத்தானே செய்கிறது.

நான் பயிர் படித்தவன், மருந்தளவு சொல்வது என் வேலையில்லை. அரசு கால்நடை மருத்துவமனைக்கு டெம்போவில் ஏற்றிப் போனார்கள். மருத்துவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்து, இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்றார். எல்லா நொண்டலும் தேய்மானமில்லை. உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வீங்கும், பழைய பைக் அடியும் முதுமையில் தலைகாட்டும். அதனால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ரத்தத்தில் சிறுநீரகம், ஈரல் பார்த்துவிட்டு மெலாக்சிகம் கொடுத்தார். இது கழுகுக்கும் தீங்கில்லாத மருந்து. அதற்காக மருந்துக் கடையில் நீங்களே வாங்கிவிடக் கூடாது. பதினைந்து கிலோ நாய்க்கு அன்றாடம் சுமார் ஒன்றரை மில்லிகிராம்தான் அளவு. மனிதருக்கான பெரிய மாத்திரை ஒன்றில் 15 மில்லிகிராம் இருக்கிறது, பத்து மடங்கு. வயிறு நிறைந்த பிறகே கொடுக்க வேண்டும். வாந்தியோ கறுப்பு மலமோ கண்டால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். ஏற்கெனவே யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் குடல் ஓட்டையாகிவிடும்.

மருந்தைவிட எனக்குப் பிடித்தது அந்த அம்மா வீட்டில் செய்த மாற்றங்கள். சிமெண்ட் தரையில் படுத்த நாய்க்கு வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி மேலே இரண்டு கோணிப்பை. திண்ணைப் படிக்கு ஓரமாக மண் கொட்டிச் சரிவு. வழவழப்பான டைல்ஸில் பழைய சாக்கு. வளர்ந்து வளைந்த நகத்தை வெட்டிவிட்டார்கள். காலையில் வெதுவெதுப்பான நீரில் துணியைப் பிழிந்து இடுப்பில் பத்து நிமிடம் ஒற்றடம். ஓட விடாமல், கட்டியும் போடாமல், காலை மாலை வரப்பு வரைக்கும் மெதுநடை. நாய் குண்டாக இருந்ததால் சோற்றைக் குறைத்தார்கள். எடை குறைந்தாலே மூட்டு பாதிச் சுமையை இறக்கிவைத்த மாதிரி. மத்தி மீன் மலிவாகக் கிடைக்கிற நாளில் உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்துக் கொடுக்கலாம், அதிலுள்ள எண்ணெய் மூட்டு வீக்கத்துக்கு நல்லது. மஞ்சள் பூசினால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். பூசுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய்க்கும் அதில் உருவம் உண்டு, கோவிவன் என்று பெயரும் உண்டு. அந்த வழி வந்த நாம், காவலுக்கு ஆகாத நாயைப் பக்கத்து ஊர் ஏரிக்கரையில் இறக்கிவிட்டு வருகிறோம். அங்குள்ள நாய்கள் அதைக் கடித்துக் குதறும்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். நாய் என்னைப் பார்த்து எழுந்து வந்தது. பன்றி விரட்ட இனி அதனால் முடியாது, அதற்கு ஒரு குட்டி வளர்க்கிறார்கள். பேரனிடம் இடுப்புப் பக்கம் கை வைக்காதே, முகத்துக்கு முன்னால் கை நீட்டி மோந்து பார்க்க விடு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். தடுப்பூசியும் போட்டாயிற்று.

மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே போனதும் பயத்தில் நாய் நொண்டாமல் நடக்கும், மருத்துவர் நம்மைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார். முதல் நாள் விடியற்காலையில் அது எழுந்திருப்பதை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால் அந்த அட்டையையும்.