மலைக்கு ஒரு ஹிமா

அம்பத்தூரில் வாழும் நமக்கு இரும்பின் ஓசை புதிதன்று. 1964-ஆம் ஆண்டில் இங்கே தொழிற்பேட்டை அமைந்த நாள் முதல், லேத்துப் பட்டறைகளின் இரைச்சலோடுதான் இவ்வூர் விழித்தெழுகிறது. அருகே ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. பூந்தமல்லி வழியாக இரவும் பகலும் பெங்களூர் நோக்கி ஓடும் லாரிகள். நம்மிடம் ஓத வரும் பிள்ளைகள் பலருடைய தந்தையர் இரும்பைக் கடைந்தே வீட்டுக்கு அரிசி வாங்குகின்றனர்.

ஒரு நாள் மாலை, திருக்குர்ஆனின் 57-ஆவது அத்தியாயமாகிய 'அல்-ஹதீத்' பாடம் நடந்துகொண்டிருந்தது. ஹதீத் என்றால் இரும்பு. அதன் வலிமையையும் அதனால் மாந்தர்க்கு விளையும் பயன்களையும் விளக்கிக்கொண்டிருந்தோம். பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து, "ஹஜ்ரத், அத்தாவின் பட்டறைக்கு வருகிற இரும்பு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டான். "ஏதோ ஒரு மலையிலிருந்து" என்று சொல்லி, மேலே ஓதச் சொன்னோம். ஓதினான். ஆனால் அந்த 'ஏதோ' என்னும் சொல் நமக்கே கூச்சமாயிருந்தது. உண்ணும் சோறு எவர் வயலில் விளைந்தது என்று அறியாதவனைப் போலல்லவா நாம் விடை சொன்னோம்!

நம் பட்டறைகளுக்கு வரும் இரும்பில் பெரும்பகுதி வடநாட்டு, கர்நாடக மலைகளின் கொடை. ஆயினும் நம் மாநிலத்திலும் இரும்பு மலைகள் உண்டு. சேலத்தருகே கஞ்சமலை; திருவண்ணாமலையருகே கவுத்திமலை, வேடியப்பன்மலை. சேலத்து இரும்புக்கு வாசகர்கள் அறியாத ஒரு பழைய கதையும் உண்டு. மஹ்மூது பந்தர் என்று நம்மவர் அழைக்கும் பரங்கிப்பேட்டையில், 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பு உலை அமைத்தார். சேலத்துத் தாது காவிரியில் படகேறி வந்தது. உருக்குவதற்கு வேண்டிய கரி காடுகளை வெட்டிக் கிடைத்தது. கரிக்குப் பஞ்சம் வந்தது. அந்நூற்றாண்டு முடியுமுன்பே உலை குளிர்ந்தது. வெட்டிய காடு மட்டும் திரும்பி வரவில்லை.

2018 பிப்ரவரியில் சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே எட்டுவழிச் சாலை ஒன்று அறிவிக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 277 கிலோமீட்டர், மதிப்பீடு ரூ. 10,000 கோடி. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் வயல்களையும் கிணறுகளையும், மஞ்சவாடி, சேர்வராயன், ஜருகுமலைப் பக்கத்துக் காப்புக்காடுகளையும் ஊடறுத்துச் செல்ல அதற்கு வழி வகுக்கப்பட்டது. காவல் துணையோடு விளைநிலங்களில் அளவைக் கற்கள் நடப்பட்டன. பெண்கள் கற்களைப் பிடுங்கி எறிந்தனர். மண்ணில் விழுந்து அழுதனர். அம்மலைகளின் கனிமத்துக்காகவே இச்சாலை என்று மக்கள் ஐயுற்றனர், ஆட்சியாளர் மறுத்தனர்.

அந்த ஐயம் மெய்யா பொய்யா என்பதை விடுவோம். சாலை தனியாக வருவதில்லை என்பதற்கு நாமே சாட்சி. பூந்தமல்லிக்கு மேற்கே சாலையோர நெல்வயல்கள் கிடங்குகளாய் மாறியதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். வழி போவதற்கு மட்டும் என்று கேட்டு வருகிறது. வந்தபின் வீட்டையே கேட்கிறது.

2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலக் கையகப்படுத்தலை ரத்துச் செய்தது. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, அரசு மீண்டும் முயல வழிவிட்டது. உலகின் வடகோடியிலும் இதே காட்சிதான். அமெரிக்காவின் அலாஸ்காவில், ஆம்ப்ளர் என்னும் செம்புச் சுரங்கப் பகுதிக்கு ஏறத்தாழ 340 கிலோமீட்டர் சாலை போட முனைந்தனர். காரிபூ என்னும் பனிமான்கள் கூட்டங்கூட்டமாய் இடம்பெயரும் நிலம் அது; அம்மான்களை நம்பி வாழும் பூர்வகுடிகளின் நிலமும் அதுவே. 2024-இல் ஓர் அரசு 'கூடாது' என்றது. 2025 அக்டோபரில் அடுத்த அரசு 'ஆகட்டும்' என்றது. ஒருவர் அடைத்த கதவை மற்றொருவர் திறக்கிறார். ஆகவே, மலையின் காவலைத் தீர்ப்பிலும் ஆணையிலும் மட்டும் ஒப்படைத்துவிட்டு நாம் உறங்க இயலாது.

நம் மார்க்கம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? 'ஹிமா' என்றொரு அரபுச் சொல் உண்டு. காக்கப்பட்ட நிலம் என்பது பொருள். அறியாமைக் காலத்தில் வலிய தலைவனொருவன் மேட்டில் ஏறி நாயைக் குரைக்கச் செய்வானாம். குரைப்பொலி எட்டுமளவும் மேய்ச்சல் நிலம் அவனுக்கே உரியது. பிறர் அங்கே கால்வைக்கக் கூடாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இந்தத் தனியார் ஹிமாவை ஒழித்தார்கள். பொதுநலனுக்கென்றே நிலத்தைக் காக்கலாம் என ஆக்கினார்கள். மதீனாவை அடுத்த நகீஃ அவ்வாறு காக்கப்பட்டது. பின்னர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ரபதாவை ஹிமாவாக்கி, ஹுனை என்பாரைக் காவலராக அமர்த்தினார்கள். சில ஆடுகளும் சில ஒட்டகங்களும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே விடுமாறும், பெருஞ்செல்வர்களான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்ஃபான் (ரலி) ஆகியோரின் மந்தைகளைத் தடுக்குமாறும் கட்டளையிட்டார்கள். மந்தை அழிந்தாலும் அவர்களுக்குப் பேரீச்சந்தோப்பும் வயலும் உண்டு. ஏழைக்கோ வேறு கதியில்லை என்பதே காரணம். அவ்விருவரும் உமரின் (ரலி) உற்ற தோழர்கள் என்பதை எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கிறது.

நம் காலத்துக் காடுகளிலோ இது தலைகீழாக இருக்கிறது. விறகு பொறுக்குபவள் தடுக்கப்படுகிறாள். எட்டு வழிச் சாலைக்கு வரைபடம் விரிக்கப்படுகிறது. அன்று நாயின் குரைப்பு. இன்று அளவைக் கல்.

'இரும்பின்றி வாழ முடியுமா?' என்று கேட்கலாம். முடியாது, நம் பிள்ளைகளின் உணவே அதில்தான். ஆனால் பட்டறையில் லேத்திலிருந்து விழும் சுருளைக்கூடக் கூட்டிப் பழைய இரும்புக்காரரிடம் விற்கிறோமே. அது மீண்டும் உருகி இரும்பாகிறதே! துண்டு இரும்பிடம் காட்டும் இச்சிக்கனத்தை மலையிடமும் காட்ட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். பயன்கொள்ளத் தரப்பட்டது இரும்பு. அழிக்கத் தரப்பட்டதன்று மலை. அது அமானிதம்.

மறுநாள் அந்தப் பிள்ளையை அழைத்து மலைகளின் பெயர்களைச் சொன்னோம். உமர் (ரலி) அவர்களின் ஹிமாவையும் சொன்னோம். சிறிது நேரம் எண்ணிவிட்டு, "அந்த மலைகளில் ஆடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்களா, ஹஜ்ரத்?" என்றான். இருக்கிறார்கள் என்றோம்.

வாசகப் பெருமக்களே! உங்கள் பிள்ளைகளும் இக்கேள்வியைக் கேட்கக்கூடும். 'ஏதோ ஒரு மலை' என்று மட்டும் விடை கூறிவிடாதீர்கள்.