காளான் மாத்திரையும் சீனி வருத்தமும்

சீனர் ‘லிங்சி’ என்றும் ஜப்பானியர் ‘ரெய்ஷி’ என்றும் அழைக்கும் காளான், மரத்தில் வளர்வது. பலகைபோல் கடினம், கசப்பு வேறு. நாம் கறியாக்கும் சிப்பிக் காளானல்ல இது. தூளாக்கிக் கூட்டிலடைத்து, வீடு வீடாக வந்து விற்கிறார்கள்.

எங்கள் சாச்சி இதை நம்பிக் கிளினிக்கில் தந்த சீனிக் குளிசையை நிறுத்தியிருந்தார். “மூலிகைதானே மகள், என்ன செய்யப் போகுது?” என்றார். காலில் புண் ஆறாமல் கிடந்ததை அதன்பிறகுதான் காட்டினார்!

சீனாவில் நெடுங்காலமாக இதை மருந்தாகப் பாவிப்பது மெய்தான். எனினும் 2015இல் கொக்ரேன் ஆய்வாளர்கள் கிடைத்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீரிழிவுக்காரரின் இரத்தச் சீனி இதனால் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகக் காணவில்லை. விலையோ கொஞ்சமல்ல.

இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்போருக்கு இது இரத்தக் கசிவைக் கூட்டவும் கூடும். வீட்டில் யாரும் குடிப்பதாயின், அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் போத்தலையும் கையோடு கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள் சகோதரிகளே.