உறைக்குள் இருந்தது

மொத்தமே ஒரு பிரதிதான் உள்ள ஒரு பத்திரிகைக்கு நான் சில வருஷங்கள் வாசகனாக இருந்திருக்கிறேன். கையெழுத்துப் பத்திரிகை. அம்பத்தூரில் எங்கள் தெருவும் பின் தெருவும் சேர்ந்து நடத்தியது. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-ல்தான். நான் சொல்லும் 1986-ல் அது தனி ஊர். காலையில் தொழிற்பேட்டைக்குப் போகிற சைக்கிள் கூட்டத்தையும் இரவில் ஆவடிக்குப் போகிற கடைசி ரயிலையும் வைத்துத்தான் நாங்கள் மணி சொல்வோம்.

பத்திராதிபர் ஓய்வு பெற்ற ரயில்வே குமாஸ்தா. மாதம் ஒரு நோட்டு. இருபது வீடுகளுக்குக் குறையாமல் சுற்றி வரும். கோலம், சமையல் குறிப்பு, ஏரித் தண்ணீரைப் பற்றிய புகார், பத்தாம் வகுப்புப் பையனின் காதல் கவிதை எல்லாம் இருக்கும். அவற்றைவிட எனக்குப் பிடித்தது அவர் செய்திருந்த ஓர் ஏற்பாடு. "இது எல்லோருக்கும் அல்ல" என்று யாராவது எதையாவது எழுதிக் கொடுத்தால், நோட்டின் நடுவே ஒரு பழுப்பு உறையை ஒட்டி, அதற்குள் அதைச் செருகிவிடுவார். யார் யார் பிரிக்கலாம் என்று உறையின்மேல் வீட்டு எண்கள் எழுதியிருக்கும். உறையின் வாயைப் பசை போட்டு ஒட்டுவதுகூட இல்லை, வெறுமே மடித்திருக்கும். பட்டியலில் இல்லாதவர்கள் யாராவது பிரித்துப் பார்த்தார்களோ என்னவோ, பார்த்ததாக யாரும் காட்டிக்கொண்டதில்லை.

இதில் வியப்புக்கு இடமில்லை என்றே நினைக்கிறேன். நம் ஜனங்களுக்கு இந்தப் பழக்கத்தைத் தபால் கார்டு கற்றுக் கொடுத்திருந்தது. 1879-ல் காலணாவுக்குக் கார்டு வந்த நாளிலிருந்தே, தபால்காரர் முதல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் வரை எல்லோரும் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று தெரிந்தே எழுதினோம். சொல்லக் கூடாததை எல்லாம் "மற்றவை நேரில்" என்ற இரண்டு வார்த்தையில் மடித்து வைத்தோம். 1950-ல் இன்லண்டு கடிதம் வந்த பிறகுதான், மூன்று பக்கமும் ஒட்டி, மற்றவற்றையும் எழுதினோம்.

பின் தெருவில் ஒரு டீச்சரம்மா இருந்தார். கணவர் இல்லை. ஆவடியில் வேலை பார்த்துவந்த ஒரே மகன், கல்யாணப் பேச்சில் ஏற்பட்ட ஒரு சண்டையில் வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. இவ்வளவும் தெருவுக்கே தெரியும். தெரியாததை அவர் ஒரு மாதம் உறைக்குள் எழுதியிருந்தார். மேலே நாலே நாலு வீட்டு எண்கள். அவற்றில் ஒன்று என்னுடையது. "எழுதுகிற தம்பி, புரிந்துகொள்வார்" என்று பத்திராதிபரிடம் சொன்னாராம்.

மகனிடம் அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதில் இருந்தது. அதை இங்கேயும் எழுதப் போவதில்லை. இன்னொன்றும் இருந்தது. இரவு கடைசி ரயில் ஸ்டேஷனில் நின்று புறப்படும் சத்தம் கேட்டதும் அவர் எழுந்து போய் வாசல் கேட்டின் தாழ்ப்பாளை எடுத்து வைப்பார். ஸ்டேஷனிலிருந்து நடந்து வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருப்பார். பிறகு தாழிட்டுவிட்டுப் படுப்பார்.

எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் கதை எழுதிவிட்டேன். ஊரை மாற்றினேன், டீச்சரைத் தையல்காரி ஆக்கினேன், மகனை மகளாக்கினேன். தாழ்ப்பாளை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் கதை எங்கே இருக்கிறது? ஒரு வாரப் பத்திரிகையில் பிரசுரமாயிற்று. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. நானும் சந்தோஷமாகவே இருந்தேன்.

அந்த வருஷம்தான் பார்லிமெண்டில் தபால் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. தனி மனிதர்களின் கடிதங்களைப் பிரிக்க அரசாங்கத்துக்கு ஏராளமான அதிகாரம் கொடுத்த மசோதா. ஜனாதிபதி ஜெயில் சிங் அதற்குச் சம்மதம் தராமலே வைத்துக்கொண்டார். நாங்களெல்லாம் ரயிலில் அவரைப் புகழ்ந்து பேசிக்கொண்டு போனோம். மற்றவர்களைவிட நான் கொஞ்சம் உரக்கவே பேசியிருப்பேன்.

பிற்பாடு, 1994-ல், சுப்ரீம் கோர்ட் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய முந்நூறு பக்க சுயசரிதையை நக்கீரன் வெளியிடலாமா என்பது வழக்கு. அதிகாரிகள் முன்கூட்டியே தடுக்க முடியாது என்று கோர்ட் சொன்னதைத்தான் பத்திரிகைக்காரர்கள் கொண்டாடினோம். நியாயமான கொண்டாட்டம்தான். அதே தீர்ப்பில் இன்னொரு பகுதி உண்டு. குடும்பம், கல்யாணம், தாய்மை முதலிய சொந்த விஷயங்களைச் சம்பந்தப்பட்டவருடைய சம்மதம் இல்லாமல் யாரும் பிரசுரிக்கக் கூடாது. எழுதியது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது பிரச்னையே இல்லை. கோர்ட் ரிக்கார்டு போன்ற பொதுப் பதிவுகளில் ஏறிவிட்ட விஷயத்துக்கு விலக்கு உண்டு. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கூடி அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபோதும் இந்தப் பழைய தீர்ப்பை எடுத்துப் பேசினார்கள். உண்மை என்பதே சமாதானமாகாது என்ற அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கு அது புதிதல்ல. எட்டு வருஷத்துக்கு முன்பே கேட்டிருந்தேன்.

கதை வந்த இரண்டாம் வாரம் டீச்சரம்மாவைக் காய்கறி வண்டியருகே பார்த்தேன். நானாகவே, "கதை படித்தீர்களா அம்மா?" என்று கேட்டேன். அவ்வளவு துணிச்சல் எனக்கு!

"படிச்சேன் தம்பி. நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டே, "பொய்யா எழுதியிருந்தா உங்களோட சண்டை போட்டிருப்பேன். இப்ப என்னத்தைச் சொல்ல? ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டா எதிர்வீட்டு ஜன்னல்லே ரெண்டு தலை தெரியுது" என்றார்.

காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "அதனாலென்ன தம்பி" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாத நோட்டில் ஓர் உறை இருந்தது. அதன்மேல் மூன்று எண்கள். நோட்டு கொண்டுவந்த பையன், நான் கேட்பதற்கு முன்பே, "இது உங்களுக்கு இல்லை சார்" என்றான்.

அன்றிரவு தூக்கம் வராமல் மொட்டை மாடியில் நின்றேன். பின் தெருவில் எந்தச் சத்தமானாலும் அங்கே கேட்கும். கடைசி ரயில் வந்து, நின்று, ஆவடிப் பக்கம் போயிற்று. நாய் ஒன்று குரைத்தது. கேட்டின் தாழ்ப்பாள் ஓசைக்காக வெகுநேரம் காத்திருந்தேன். மறுநாளும் காத்திருந்தேன்.