காற்றை விற்கும் ஊர்

மேட்டுப்பாளையம் போகிறவர்கள் ஊட்டி ரயிலைப் பிடிக்கத்தான் ஓடுவார்கள். நானோ பக்கத்திலுள்ள ஓடந்துறைக்குப் போனேன். சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் பஞ்சாயத்தாயிற்றே, பார்க்க வேண்டாமா?

அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம்! குழாயடியில் நின்ற பாட்டியிடம் கேட்டேன். சிரித்துவிட்டார்.

"காத்தாடிங்களா அம்மணி? அது இங்க இல்லீங்க. உடுமலைப் பக்கம் மைவாடியில சுத்துதுங்க!"

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அங்கேதான் பலமாம். அங்கே உண்டாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் சேரும். ஊரின் தேவை போக மிஞ்சுவதை வாரியம் விலைக்கு வாங்கிக்கொள்ளும்.

ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006-ல் வாங்கிய 350 கிலோவாட் காற்றாலை அது. விலை சுமார் 1.55 கோடி ரூபாய். பஞ்சாயத்துச் சேமிப்பு 40 லட்சம். மீதி வங்கிக் கடன். அம்மாடி! தவணையில் கிரைண்டர் வாங்கவே நாம் எத்தனை நாள் யோசிக்கிறோம்!

ஆனால் கணக்கைப் பாருங்கள். தெருவிளக்கு, தண்ணீர் மோட்டார் என்று மின்கட்டணம் ஏறிக்கொண்டே இருந்தது. கட்டணமாகப் போகிற பணம் திரும்பி வராது. தவணையாகக் கட்டினால் காற்றாலை ஊருக்கே சொந்தம். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி, ஊர்த் தேவை 4.5 லட்சம் என்று கணக்குப் போட்டுத்தான் துணிந்தார்கள்.

பாட்டி செம்பில் தண்ணீர் கொடுத்தார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே அந்தக் காற்றுதான் பாட்டியின் குடத்தையும் நிரப்புகிறது!