துரஹள்ளிப் பாறையில் நாங்கள்

குளச்சலில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மலை என்பது, வானம் தெளிந்த நாட்களில் வடகிழக்கே நீலமாய்த் தெரியும் ஒரு கோடு. சிதறால் மலைக்குப் போயிருக்கிறோம். மருந்துவாழ் மலையிலும் ஏறியிருக்கிறோம். இரண்டிலும் நடந்து ஏறப் பாதை உண்டு. மற்றபடி பாறை என்றால் குவாரியில் வெடி வைத்து உடைத்து லாரியில் ஏற்றிப் போகும் சரக்கு என்பதே நாங்கள் கண்டது. ஓர் ஆணிகூட அடிக்காமல், பாறையின் வெடிப்பில் கையையும் காலையும் செருகி ஏறலாம், ஏறிய சுவடே தெரியாமல் இறங்கியும் வரலாம் என்பதை இவ்வாண்டுதான் அறிந்தோம்.

இவ்வாண்டுக் கல்விச் சுற்றுலா பெங்களூருக்கும் மைசூருக்கும் என்று முடிவாயிற்று. நம் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். ஞாயிறுதோறும் பாறை ஏறச் செல்லும் குழு ஒன்றில் அவரும் இருக்கிறார். கைடு படையில் உள்ள எங்கள் ஆறு பேரை ஒரு நாள் தம்முடன் அனுப்ப இயலுமா என்று அவர் சிஸ்டருக்கு எழுதிக் கேட்டார். மற்றவர்கள் விசுவேசுவரய்யா அருங்காட்சியகம் பார்க்கும் நாளில் நாங்கள் போகலாம், ஆனால் பெற்றோர் கையொப்பம் இன்றி ஒருவரும் கயிற்றைத் தொடக்கூடாது என்று சிஸ்டர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார்.

ஐந்து கையொப்பங்கள் மறுநாளே வந்துவிட்டன. ஆறாவது வரவில்லை.

அந்த ஆறாவது தோழியின் தாத்தா பனையேறி. எங்கள் பக்கத்தில் பனையேறிகள் எப்படி ஏறுவார்கள் என்பதை வெளியூர்ப் பெற்றோருக்காகச் சொல்லிவிடுகிறோம். இரு பாதங்களையும் சேர்த்துத் தளைநார் மாட்டிக்கொண்டு, மரத்தை மார்போடு அணைத்து, தவளை தாவுவதுபோல் உந்தி உந்தி ஏறுவார்கள். இடுப்பில் பாளை அரிவாளும் பெட்டியும் இருக்கும். விழுந்தால் தாங்க ஒரு கயிறும் இராது. அக்கானி இறக்கும் காலத்தில் காலையும் மாலையும் மரம் மரமாய் இந்த ஏற்றம் உண்டு. இடவப்பாதி மழை தொடங்கிய ஒரு விடியற்காலையில் தாத்தாவின் கால் வழுக்கிற்று. எங்கள் தோழி அப்போது பிறக்கவில்லை. அவள் அம்மாவுக்கு ஒன்பது வயது.

அந்த அம்மா ஒரு மாலை பள்ளிக்கே வந்துவிட்டார். சிஸ்டர் படங்களைக் காட்டி விளக்கினார். அவர் படங்களைப் பார்க்கவேயில்லை.

"கயிறு உண்டும்ணு சொல்லுதிய சிஸ்டர். அந்தக் கயித்த ஆரு புடிப்பா?"

"கூடப் போகிற கூட்டுக்காரிதான் பிடிப்பாள்" என்றார் சிஸ்டர். எங்களுள் ஒருத்தியை முன்னே வரச் சொன்னார். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ கடப்புறத்துப் பிள்ளையா?"

"ஆமா அம்மா. அப்பாக்கு வள்ளம் உண்டு."

"அப்பம் கயிறு அறியும்" என்று சொல்லி, அம்மா பேனாவை வாங்கிக் கையொப்பம் இட்டார். பனங்காட்டுக்கும் கடப்புறத்துக்கும் இடையே நம்மூரில் எத்தனையோ பழைய பேச்சுகள் உண்டு. அன்று அவர் சொன்ன பேச்சு எங்களுக்குப் புதிது.

அடுத்த இரண்டு வாரமும் மாலையில் பள்ளி வராந்தாவில் முடிச்சுப் பழகினோம். பாறை ஏறுவோர் இடுப்பு வாரில் கயிற்றைக் கட்டுவது எட்டு முடிச்சால். எட்டு என்ற எண்போல் ஒரு வளையம் போட்டு, கயிற்றின் நுனியை அதே வழியில் திருப்பி ஓட்டிவிட வேண்டும். எங்கள் கடப்புறத் தோழி கண்ணை மூடிக்கொண்டே போட்டாள். மற்றவர்கள் போட்டவை முதல் நாளில் சிக்கல் விழுந்த வலைபோல் இருந்தன.

நாகர்கோவிலில் ரயிலேறி மறுநாள் பெங்களூர் சேர்ந்தோம். முதலில் லால்பாக் தோட்டத்துப் பாறையைக் காட்டினார்கள். அது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடையதாம். அதன்மேல் கெம்பெ கவுடர் கட்டிய கோபுரம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு அதிகாலைத் திருப்பலி முடிந்ததும் அக்கா எங்களை வேனில் துரஹள்ளிக்கு அழைத்துச் சென்றார். நகரின் தெற்குக் கோடியில், கனகபுரா சாலைப் பக்கம், மாடி வீடுகளுக்கு நடுவே மிஞ்சி நிற்கும் சிறு காடு அது. முட்புதரும் தைல மரங்களும், அவற்றினிடையே யானைக்கூட்டம் படுத்திருப்பதுபோல் பாறைகளும் இருந்தன. 2021-இல் இக்காட்டில் பூங்கா அமைக்கத் திட்டம் வந்தபோது, அக்கம்பக்கத்தார் கூடி எதிர்த்தார்களாம்.

நாங்கள் ஏறவேண்டிய வெடிப்பு 30 அடி உயரம் இருக்கும். பனையில் பாதி. கீழே நின்று பார்த்தபோது அதுவே போதும் என்றிருந்தது. பயிற்சி கொடுத்தவர் ஒரு பெண்மணி. அவர் இடுப்பில் சாவிக்கொத்துபோல் சிறுசிறு அலுமினிய ஆப்புகள் தொங்கின. ஒவ்வோர் ஆப்பிலும் எஃகுக் கம்பி வளையம் ஒன்று உண்டு. வெடிப்பு எங்கே கீழ்நோக்கிக் குறுகுகிறதோ அங்கே ஆப்பைச் செருகிக் கீழே இழுத்தால் அது இறுகிக்கொள்ளும். அந்த வளையத்தில் கொக்கி மாட்டி, கொக்கிக்குள் கயிற்றை விட்டுக்கொண்டே அவர் முதலில் ஏறினார். மேலே நன்றாகக் கட்டி அமர்ந்தபின், எங்களை ஒவ்வொருத்தியாக வரச் சொன்னார். பின்னால் வருகிறவள் எல்லா ஆப்புகளையும் கழற்றிக்கொண்டே ஏறவேண்டும். பாறையில் ஒன்றும் மிஞ்சக்கூடாது.

இந்த ஆப்புக்கு 'நட்' என்று பெயர் வந்த கதையை அக்கா சொன்னார். முன்பு பிரிட்டனில் பாறை ஏறியவர்கள் வெடிப்பில் கூழாங்கல்லைச் செருகி, அதைச் சுற்றிக் கயிறு கட்டுவார்களாம். பிறகு வேல்ஸ் நாட்டில் ஸ்னோடன் மலை ரயில் பாதையோரம் கிடந்த இரும்பு நட்டுகளைப் பொறுக்கி, நடுத்துளையில் கயிறு கோத்துச் செருகத் தொடங்கினார்களாம். அமெரிக்காவில் யோசமிட்டி மலைகளில் இரும்பு ஆணி அடித்து அடித்துப் பாறையெல்லாம் தழும்பாகிவிட, அந்த ஆணிகளைச் செய்து விற்ற ஈவான் ஷுனார்டே 1972-இல் தம் விலைப்பட்டியலில், ஆணியை விட்டு ஆப்புக்கு மாறுங்கள் என்று எழுதினார். தன் சரக்கைத் தானே வேண்டாம் என்ற வியாபாரியை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. 1978-இல் விசையால் விரிந்து வெடிப்பைப் பற்றிக்கொள்ளும் கருவி ஒன்றும் விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் 'பிரெண்ட்'. பெயரைக் கேட்டதும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அங்குள்ள எல் கேப்பிட்டன் பாறையின் 'நோஸ்' என்ற வழி ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். கருவிகளைப் பிடித்துத் தொங்காமல், கைகால் வலிமையாலேயே அதை முழுதும் முதலில் ஏறியவர் லின் ஹில் என்ற பெண். ஆண்டு 1993. ஆண்களின் தடித்த விரல் நுழையாத மெல்லிய வெடிப்பில் அவருடைய விரல் நுழைந்தது. இதை அக்கா சொன்னபோது நாங்கள் ஆறு பேரும் எங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டோம்.

சரி, எங்கள் ஏற்றத்துக்கு வருவோம். வெடிப்பில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. கையைத் தட்டையாக, பெருவிரல் மேலிருக்க உள்ளே விடவேண்டும். பிறகு பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினால் கை பருத்து இறுகிவிடும். இழுத்தாலும் வராது. முதலில் நம்ப முடியவில்லை. புறங்கையில் பிளாஸ்திரி சுற்றியிருந்தும் தோல் எரிந்தது. பாதத்தைச் சாய்த்து நுழைத்து, முழங்காலை நிமிர்த்தினால் காலும் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடும்.

முதலில் ஏறிய மூவரும் கையாலேயே உடம்பை இழுத்துப் பாதி வழியில் களைத்துத் தொங்கினோம். நான்காவதாக எங்கள் பனையேறி வீட்டுத் தோழி போனாள். கயிறு மேலே உள்ள கொக்கி வழியாகத் திரும்பிக் கீழே வந்தது. அதைப் பிடித்தவள் கடப்புறத் தோழி. பயிற்சி கொடுத்தவர் பக்கத்திலேயே நின்றார்.

"ஏறட்டா?"

"ஏறு. நான் உண்டு."

அவள் கையை அதிகம் நம்பவில்லை. காலைப் பூட்டி, எழுந்து நின்று, பிறகே கையை மாற்றினாள். தூக்குவது காலின் வேலை, கை மரத்தை அணைக்கத்தான் என்று அவளுடைய பாட்டி சொல்லுவாராம். இருபதடி உயரத்தில் ஈரப் பாசியில் அவள் கால் நழுவிற்று. நாங்கள் அலறிவிட்டோம். கயிறு விறைத்தது. கீழே நின்றவள் ஓரடி மேலே தூக்கப்பட்டாள், ஆனாலும் பிடியை விடவில்லை. பாறை ஏறும் நைலான் கயிறு கிணற்றுக் கயிறுபோல் அல்ல. சற்றே நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மேலே இருந்தவள் கொஞ்ச நேரம் பாறையில் நெற்றியை வைத்தபடி இருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தோம். பிறகு "ஏறட்டா?" என்று மறுபடியும் கேட்டாள்.

உச்சிக்குக் கீழே கடைசி ஆப்பு சிக்கிக்கொண்டது. விட்டுவிட்டு வா, பிறகு எடுக்கலாம் என்று அக்கா கூவினார். அவள் கேட்கவில்லை. கொக்கித் தகட்டால் தட்டித் தட்டி, கால் மணி நேரத்துக்குப் பின் எடுத்தே விட்டாள். கீழே வந்து எண்ணிப் பார்த்தோம். ஐந்து ஆப்பு, இரண்டு 'பிரெண்ட்'. எல்லாம் சரியாக இருந்தன.

அன்றிரவு சிஸ்டரின் தொலைபேசியில் அவள் அம்மாவை அழைத்தோம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம். கால் நழுவியதையும் சொல்லிவிட்டோம். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "கயிறு புடிச்ச பிள்ளைக்குக் கை நொந்துதா?" என்று கேட்டார்.

"இல்ல அம்மா" என்றாள் அவள். அவள் கை சிவந்துதான் இருந்தது. சிஸ்டர் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டார்.