மட்டாஞ்சேரியிலிருந்து போடிமெட்டு வரை: இரு நாய்களும் ஒரு சிறு வண்டியும்

மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் நம் தமிழன்பர் எவரேனும் புதிதாக ஒரு வண்டி வாங்க எண்ணினால், முதலில் செய்யவேண்டியது விலை விசாரிப்பதன்று. ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு தம் வீட்டுச் சந்தின் அகலத்தை அளப்பதேயாகும். மிளகும் சுக்கும் மணக்கும் பஜார் ரோடும், யூதத் தெருவும், 1568-இல் எழுந்த யூத ஆலயத்தை ஒட்டிய வழிகளும் மோட்டார் வண்டிகள் தோன்றுமுன் அமைந்தவை. காலை வேளையில் கிடங்கின் வாயிலில் ஒரு லாரி சரக்கிறக்க நின்றுவிட்டால், அது நகரும் வரையில் நமக்கும் நகர்வில்லை. எங்கள் சந்து, குறுகிய இடத்தில், துணி உலர்த்தும் கயிற்றால் அளந்தபோது இரண்டு மீட்டருக்குச் சற்றே மிகுந்திருந்தது.

வண்டி எதற்கு என்று நேயர்கள் வினவலாம். சின்னமனூருக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்தில் எண்பத்து நான்கு வயதான என் தாயார் இருக்கிறார். தந்தையார் காலமானபின் அவர் மட்டாஞ்சேரியில் எங்களுடன் ஆறாண்டுகள் வாழ்ந்து, பிறகு சொந்த மண்ணிலேயே இருக்க விரும்பிச் சென்றுவிட்டார். அந்த ஆறாண்டுகளும் அவருடைய கட்டிலின் கீழ் உறங்கியவன் கருப்பன். அவனுக்கு இப்போது பதின்மூன்று வயது. பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன, ஒரு கண்ணில் வெண்படலம். தொலைபேசியில் அம்மா என் நலத்தை விசாரிப்பதற்கு முன்பே, “ஏம்பா, கருப்பன் சாப்பிட்டானா?” என்றுதான் கேட்பார். சென்ற மாசியில் ஒருநாள், “அவனை ஒருதரம் பார்த்துட்டா போதும்” என்றார். அதற்கப்பால் அவர் ஒன்றும் கூறவில்லை. நானும் அன்றிரவு உறங்கவில்லை.

இரயிலில் நாயைக் கொண்டுசெல்ல வழியில்லாமலில்லை. முதல் வகுப்பில் இருவர் அல்லது நால்வர்க்குரிய அறை முழுவதையும் நாமே எடுத்துக்கொண்டால் உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் கார்டு பெட்டியை ஒட்டிய நாய்க்கூட்டில் ஏற்றவேண்டும். முன்னொரு முறை கருப்பனை அவ்வாறு ஏற்றி, ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கியோடிப் பார்த்து வந்தேன். குற்றம் யாருடையதுமன்று, இருளும் இரைச்சலும் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாட்கள் உணவைத் தொடாதிருந்தான். அன்றி, கொச்சிக்கும் போடிக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்பதால் இரயில் சுற்றிக்கொண்டே செல்லவேண்டும். சாலை நேரே மலையேறி இறங்கிவிடுகிறது.

மூவகை வண்டிகளைப் பார்த்தேன். ‘டிராவலர்’ எனப்படும் பெரிய வேனில் நின்றபடியே நடமாடலாம், படுக்கை போடலாம், நாய்கள் நான்கிருந்தாலும் இடமுண்டு. ஆனால் எங்கள் சந்தின் திருப்பத்தில் அதைத் திருப்புவது யானையைக் குடத்தில் அடைப்பதற்கொப்பாகும். கேரள அரசு 2021-இல் ‘கேரவான்’ சுற்றுலாத் திட்டம் ஒன்றை அறிவித்ததையும் எண்ணிப் பார்த்தேன். அவ்வகை வண்டிகளின் சௌகரியம் பெரிது, வாடகையும் பெரிது. நம்மைப்போன்ற குடும்பங்கள் வெளியே நின்று வியந்துவிட்டு வரவேண்டியவைதாம்.

அடுத்தது பழைய மாருதி ஆம்னி. 1984 முதல் 2019 வரை வெளிவந்த அவ்வண்டி எந்தச் சந்திலும் நுழையும். பாதுகாப்பு விதிகள் கடுமையாகவே அதன் உற்பத்தி நின்றுபோயிற்று; மலைச்சாலையில் அதை நம்பி ஏற என் மனைவி இசையவில்லை. அவள் சொன்னதே சரி.

முடிவில் பழைய ஈகோ ஒன்றை வாங்கினோம். நீளம் 3,675 மில்லிமீட்டர், அகலம் 1,475. சந்தில் இருபுறமும் ஒரு சாண் மிச்சம். பக்கக் கதவு இழுத்துத் திறப்பதாகையால் குறுகலான தெருவிலும் ஏறி இறங்கலாம். எரிவாயுவில் ஓடுவது செலவு குறைந்ததென்று பலரும் கூறினர். ஆயின் அதன் உருளை பின்புறத்து இடத்தைக் கவர்ந்துகொள்ளும். நாய்கள் படுக்கவேண்டிய இடமே அதுவாகையால் பெட்ரோல் வண்டியையே எடுத்தோம்.

இதிலும் குறையுண்டு. இயந்திரம் முன்னிருக்கைகளின் அடியில் இருப்பதால் முன்தளம் சுடும். நாய்க்கு நம்மைப்போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்கிறது. எனவே நாயை ஒருபோதும் முன்புறத் தரையில் கிடத்தலாகாது. பின்புறத்திற்கோ குளிர்காற்று சரிவரச் சென்று சேர்வதில்லை. ஒரு சிறு மின்விசிறியைப் பொருத்தினோம். வெளியே 30 டிகிரி வெயிலிருக்க, மூடி நிறுத்திய வண்டிக்குள் அரைமணி நேரத்தில் 45 டிகிரியைக் கடந்துவிடும். தேநீர் அருந்தப் போகும்போது எங்களில் ஒருவர் வண்டியிலேயே இருப்பதென்பது முதல் நாளே வகுத்த விதி.

இருக்கைகளைக் கழற்றியெறிந்து தளம் அமைத்துத் தருவதாக ஒரு பணிமனையார் முன்வந்தார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. ஆகவே ஆணியோ பற்றுவைப்போ இன்றி, வைத்து எடுக்கக்கூடிய பொருள்களால் மட்டுமே வண்டியை ஒழுங்குபடுத்தினோம். பின்னிருக்கைக்கு அப்பால் கயிற்றுப்பாய், இருக்கையின் முதுகில் வார்களால் கட்டிய கம்பிவலை, திடீரென நிறுத்தினால் நாய் முன்னே வந்து விழாதிருக்க, இருவர்க்கும் மார்புப்பட்டை. கருப்பன் ஏறுவதற்கென ஆசாரி ஒருவர் ரப்பர் மரத்தில் மடிக்கும் சாய்வுப்பலகை செய்து, அதன்மேல் தேங்காய்நார்ப் பட்டையை அடித்துக் கொடுத்தார். வழுவழுப்பான பலகையில் தளர்ந்த கால்கள் நில்லா. வண்டியின் மற்றெல்லாப் பொருள்களையும்விட அப்பலகையே எங்களுக்கு உதவிற்று.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், வெயில் தணிந்த பின் புறப்பட்டோம். இளையவன் மணி பஜார் ரோட்டில் கண்டெடுத்த குட்டி. சுமைதூக்குவோர் குரல் கேட்டால் இன்றும் நடுங்குவான். தோப்பும்படி தாண்டும்வரை ஓலமிட்டவன், மூவாற்றுப்புழை வருமுன் உறங்கிவிட்டான். கோதமங்கலம் கடந்து, 1935-இல் திறந்த நேரியமங்கலம் பாலத்தைத் தாண்டியதும் காடு தொடங்குகிறது. காற்றில் ஈரம் ஏறியது. கருப்பன் தலை தூக்கி நெடுநேரம் முகர்ந்தான்.

அடிமாலியில் இரவு தங்க நினைத்த விடுதியார், நாய்களை உள்ளே விட இயலாதென்றார். வண்டியை முற்றத்தில் நிறுத்திக்கொள்ள மட்டும் இடமளித்தார். மனைவி பின்னிருக்கையில் படுத்தாள். நான் இரு நாய்களுக்கிடையே முழங்காலை மார்பில் மடக்கிக்கொண்டு கிடந்தேன். இதுவே வீடென்று எண்ணி எவரும் ஈகோவை வாங்கவேண்டாம். ஓரிரவுக்குப் போதும், ஈரிரவுக்குப் போதாது.

விடியலில் மூணாறு, தேவிகுளம், பூப்பாறை. போடிமெட்டில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தோம். கீழே வளைவு வளைவாகச் சாலை இறங்க, தேனிச் சமவெளி பனிமூட்டத்தினூடே விரிந்து கிடந்தது. இறக்கத்தில் மணி இருமுறை வாந்தியெடுத்தான். மலையேறுமுன் நாய்க்கு வயிறு நிறையச் சோறிடலாகாது என்பதை அங்கே கற்றோம்.

வீட்டு வாசலில் பலகையைச் சாய்த்ததும் கருப்பன் மெல்ல இறங்கினான். அம்மா திண்ணையில் இருந்தார். கண் மங்கிய அவன் ஓடவில்லை. மூக்கைத் தரையில் வைத்தபடியே சென்று, அவர் காலடியில் முகர்ந்து, அப்படியே படுத்துவிட்டான். அம்மா குனிந்து அவன் காதைப் பிடித்துக்கொண்டு, “ஏண்டா, இம்புட்டு நாளா?” என்றார்.

நான்கு நாட்கள் இருந்தோம். புறப்படும் காலையில் அம்மா சாய்வுப்பலகையைக் காலால் அழுத்திப் பார்த்து, “இது என்னையும் தாங்குமா?” என்றார். தாங்கும் என்றேன். கைப்பிடிக்கு இருபுறமும் கயிறு வேண்டுமென்றும், பின்னிருக்கையில் தமக்கு வலப்பக்கமே வேண்டுமென்றும், மூணாறு குளிருக்குக் கம்பளி தாமே கொண்டுவருவதாகவும் கூறினார். ஆசாரியிடம் கயிற்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆவணியில் அழைத்துவரப் போகிறோம்.