மடக்குக் கெட்டிலும் உப்புத் தண்ணீரும்

ஆறுமுகநேரி என்றாலே உப்பளம்தான். நிலத்தடி நீரும் பல இடங்களில் கரிக்கும். கைக்குழந்தையோடு இங்கே வந்து தங்குகிறவர்களுக்கு, சிலிக்கோன் உடம்புள்ள மடக்குக் கெட்டில் நல்ல துணை. பைக்குள் இடம் அடைக்காது; அரை லிட்டர் வெந்நீர் சில நிமிஷத்தில் தயார். உடன்குடிக் கருப்பட்டியும் சுக்கும் இருந்தால் காப்பிக்குக் கவலையில்லை.

குறையும் உண்டு. நாலு பேருக்கு இரண்டு தடவை கொதிக்க வைக்கணும். சூடு ஆறாமல் மடக்கக் கூடாது. பால் காய்ச்சினால் அடிப்பிடிக்கும். உப்புத் தண்ணீரில் அடியில் வெள்ளையாகப் படியும். எலுமிச்சைச் சாறு விட்டுக் கொதிக்க வைத்தால் போய்விடும். ஆனால் தண்ணீரில் உள்ள உப்பு, கொதிக்கக் கொதிக்கக் கூடுமே தவிரக் குறையாது. குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்க நல்ல குடிதண்ணீரையே காய்ச்சுங்கள்.

திருச்செந்தூர் ரயிலில் செல்போன் ப்ளக்கில் மட்டும் செருகிவிடாதீர்கள்! தீப்பிடிக்கும் அபாயம், சட்டப்படி குற்றமும்கூட. ரயிலுக்கு ஃபிளாஸ்க்தான் சரி.